இறுக்கு வளையமும் இரத்த ஓட்டமும்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலை. அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரி பல படிகளை மூடிக்கொண்டு ஓடியது. எனக்கு நன்கு தெரிந்த பெரியவர் ஒருவர், பணி ஓய்வு பெற்றவர், ஈர வேட்டியைப் பிழிந்தபடியே கேட்டார்: "ஸார், நீங்கள் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர். உடம்பில் ஓரிடத்தை ரப்பர் வளையம் போட்டு இறுக்கினால் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"எந்த இடம்?" என்றேன்.

அவர் பதில் சொல்லாமல் ஆற்றைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். சில ஆண்டுகளாகவே விறைப்பு வருகிறது, நிற்பதில்லை. இதற்கென்று ஒரு வளையம் விற்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறார். கடையில் போய்க் கேட்கக் கூச்சம். ரூபாய்க் கட்டுக்குப் போடும் ரப்பர் பேண்டை இரண்டு சுற்றாகப் போட்டுக்கொண்டார். அப்படியே கண்ணயர்ந்து விட்டார். விழித்துப் பார்த்தபோது உறுப்பு நீலம் பாரித்துக் கிடந்தது. கழற்றியபின் மெல்லச் சரியாகிவிட்டது.

"ஆனால் வலியே இல்லை ஸார். அதனால் ஆபத்து ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன்" என்றார். அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். டாக்டரிடம் கேட்கலாமே என்றேன். "அவர் என் பையன் வயசு. எப்படிக் கேட்பது?"

வலியே இல்லை என்ற அந்தச் சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். வலி இல்லாததுதான் அதில் மிகப் பெரிய ஆபத்து என்பதை அவருக்கு அன்று என்னால் சரிவர விளக்க முடியவில்லை. அவர் சம்மதத்துடன், அவர் யார் என்று தெரியாதபடி, இங்கே விளக்க முயல்கிறேன். நான் கற்பிப்பது இயற்பியல், மருத்துவம் அன்று. ஆனால் ஒரு வளையம் ஒரு குழாயை இறுக்குவது இயற்பியல்தான்.

ஹார்வியின் இரண்டு கட்டுகள்

இரத்தம் உடலில் சுற்றி வருகிறது என்பதை 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் நிறுவினார். அவருடைய ஆதாரங்களில் முக்கியமான ஒன்று, கையில் போட்ட ஒரு சாதாரணக் கட்டு. மேற்கையில் துணியை மிக இறுக்கமாகக் கட்டினால் மணிக்கட்டில் நாடித் துடிப்பு நின்றுவிடுகிறது. கை வெளுக்கிறது, குளிர்கிறது. அதே கட்டைச் சற்றே தளர்த்தினால் நேர்மாறான விளைவு! கை சிவக்கிறது, பருக்கிறது, புறங்கையில் இரத்த நாளங்கள் கயிறு போலப் புடைக்கின்றன.

ஏன்? இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகளில் அழுத்தம் அதிகம். நல்ல உடல்நிலையில் 120-க்கும் 80-க்கும் இடையே பாதரச மில்லிமீட்டர் அளவில் ஏறி இறங்குகிறது. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆகவே 50 மில்லிமீட்டர் அழுத்தமுள்ள ஒரு கட்டு சிரைகளை நசுக்கி மூடிவிடும். தமனிகளை மூட அதனால் முடியாது. வரும் வழி திறந்திருக்கிறது, போகும் வழி அடைபட்டிருக்கிறது. கை பருக்காமல் என்ன செய்யும்?

வீட்டில் இரத்த அழுத்தமானி இருந்தால் நீங்களே பார்க்கலாம். பட்டையை 50 வரை மட்டும் ஏற்றி ஒரு நிமிடம் புறங்கையைக் கவனியுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உடனே காற்றை விட்டுவிடுங்கள்.

இறுக்கு வளையம் என்பது ஹார்வியின் இரண்டாவது கட்டேதான். ஆணுறுப்பின் அடியில் அணியும் அந்த வளையம் சிரைகளை மூடி, உள்ளே வந்த இரத்தம் வெளியேறாமல் நிறுத்துகிறது. அதன் பயனும் அதுதான், அதன் ஆபத்தும் அதுதான். கூடுதலாக இறுக்கினால் அது ஹார்வியின் முதல் கட்டாகிவிடும்.

டியூபும் டயரும்

வளையம் இல்லாமலே உடம்பு இதை எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம். ஆணுறுப்பின் உள்ளே கடற்பஞ்சு போன்ற இரண்டு உருளைகள் பக்கம் பக்கமாக உள்ளன. அவற்றின் அடியில் சிறுநீர்க்குழாயைச் சுற்றி மூன்றாவது உருளை ஒன்று உண்டு. பஞ்சின் அறைச் சுவர்கள் தசையால் ஆனவை. சாதாரண நிலையில் அத்தசைகள் சுருங்கியிருக்கின்றன. அறைகளில் இரத்தம் மிகக் குறைவு. கிளர்ச்சி ஏற்படும்போது நரம்பு முனைகளும் நாளங்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவை மிகச் சிறிய அளவில் வெளியிடுகின்றன. அதனால் தசை நெகிழ்கிறது, தமனிகள் விரிகின்றன, அறைகள் இரத்தத்தால் நிரம்புகின்றன. இந்த எளிய வாயு இரத்த நாளங்களுக்குச் செய்தி சொல்லும் தூதன் என்பதைக் கண்டறிந்தமைக்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிதான் அழகான பகுதி. இரண்டு பஞ்சுருளைகளையும் எளிதில் நீளாத ஓர் உறுதியான வெண்ணுறை மூடியிருக்கிறது. சைக்கிள் டியூபையும் டயரையும் நினைத்துக் கொள்ளுங்கள். டியூப் மட்டும் இருந்தால் காற்றடிக்க அடிக்க ஊதிக்கொண்டே போகும், விறைக்காது. டயர் அதைத் தடுப்பதால்தான் உள்ளே அழுத்தம் ஏறிச் சக்கரம் கெட்டியாகிறது. இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. இரத்தம் வெளியேறும் மெல்லிய சிரைகள் பஞ்சுக்கும் வெண்ணுறைக்கும் நடுவே ஓடுகின்றன. பஞ்சு பருத்ததும் அவை டியூபுக்கும் டயருக்கும் இடையில் சிக்கிய நூலைப் போல நசுங்கி அடைபடுகின்றன. உள்ளே வரும் இரத்தமே வெளியேறும் கதவைச் சாத்திவிடுகிறது!

அப்போது உள்ளே அழுத்தம் சுமார் 100 பாதரச மில்லிமீட்டர். பாதரசம் நீரைப்போல் 13.6 மடங்கு கனமானது. ஆகவே இதை நீர்த்தூணாகக் கணக்கிட்டால் 136 செண்டிமீட்டர், ஏறக்குறைய நாலரை அடி. நாலரை அடி உயரத் தொட்டியின் அடிக்குழாயில் உள்ள அழுத்தம் அவ்வளவுதான். பெரிய எண்ணொன்றும் இல்லை. ஆனால் அது கசியாமல் நிற்கவேண்டும்.

வயது, சர்க்கரை, புகை, கொழுப்பு இவற்றால் பஞ்சின் தசை குறைந்து நார் மிகும்போது அது போதிய அளவு விரிவதில்லை. சிரைகள் முழுதும் நசுங்குவதில்லை. வந்த இரத்தம் ஒருபுறம் கசிந்துகொண்டே இருக்கிறது. 'வருகிறது, நிற்பதில்லை' என்று அம்மா மண்டபத்தில் பெரியவர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

முக்கொம்பு சொல்வது

திருச்சிக்காரர்களுக்கு இதை முக்கொம்பை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஸ்ரீரங்கத் தீவுக்கு மேற்கே, முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடபுறம் செல்லும் கொள்ளிடம் தாழ்வானது. விட்டால் தண்ணீரெல்லாம் அதில்தான் ஓடிப் போகும். தஞ்சைப் பக்கம் வறண்டு போனதைக் கண்டு 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். போகிற வழியை மறித்ததால் காவிரியில் நீர் நின்றது.

ஆனால் அணை தண்ணீரை உண்டாக்குவதில்லை. மேட்டூரில் திறந்துவிட்டால்தான் முக்கொம்பில் தேக்கமுடியும். மேட்டூரில் மூடியிருக்கும்போது இங்கே எத்தனை மதகை இறக்கினாலும் மணல்தான் மிஞ்சும். இறுக்கு வளையமும் அப்படியே. ஓரளவு விறைப்பு வந்து, பிறகு தளர்ந்துவிடுபவர்களுக்கு அது உதவக்கூடும். இரத்தமே வராதவர்களுக்கு வளையம் மட்டும் போட்டுப் பயனில்லை.

வெள்ளம் வரும்போது மதகைத் திறக்கவேண்டும் என்பதும் இந்த ஆறு கற்றுக்கொடுத்த பாடமே. 2018 ஆகஸ்டு 22-ந் தேதி பெருக்கில் மேலணையின் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பிறகு அருகிலேயே புதிய கதவணை கட்டவேண்டியதாயிற்று.

இரத்தமே போதிய அளவு வராதவர்களுக்கு வேறொரு வழி உண்டு. உறுப்பின்மேல் ஒரு பிளாஸ்டிக் குழலைப் பொருத்தி, குழலிலுள்ள காற்றைச் சிறு பம்பினால் வெளியேற்றுவார்கள். குழல் இரத்தத்தை உறிஞ்சுகிறது என்று சொல்வது வழக்கம். உண்மையில், உடம்பின் மற்ற பகுதிகள்மீது இருக்கும் காற்று மண்டல அழுத்தமே இரத்தத்தை அந்தப் பக்கம் தள்ளுகிறது. ஸ்ட்ரா வைத்து இளநீர் குடிப்பதற்கும் இதே விளக்கம்தான். நிரம்பியதும் அடியில் வளையத்தை நழுவவிட்டுக் குழலைக் கழற்றிவிடுவார்கள். ஆட்டோ லெடரர் என்பவர் 1917-லேயே இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் மருத்துவர் அல்லர். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் டயர் தொழில் நடத்திய கெடிங்ஸ் ஆஸ்பன். தமக்கே ஏற்பட்ட குறைக்காக 1960-களில் அதைச் செய்துகொண்டார். 1982-ல் அதை விற்க அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. டயர்காரர் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியதில் எனக்கு வியப்பில்லை!

பம்பும் வளையமும் சேர்ந்து உண்டாக்கும் விறைப்பு இயற்கையானதைப் போன்றதன்று. வளையத்துக்கு அப்பால் உடலுக்குள் இருக்கும் வேர்ப்பகுதி நிரம்புவதில்லையாதலால் அடியில் கீல் வைத்ததுபோல் ஆடும். உறுப்பு சற்றுக் குளிர்ந்து, நிறம் சிறிது கருநீலமாக இருக்கும். விந்து வெளிவருவது தடைப்படலாம். அதைக் கருத்தடை என்று எண்ணிவிடக் கூடாது.

ரப்பர் பேண்டு ஏன் கூடாது?

இப்போது ஒரு சிறு கணக்கு. ஒரு பட்டை ஓர் உருளையை இறுக்கும்போது, பட்டையின் இழுவிசையை உருளையின் ஆரத்தாலும் பட்டையின் அகலத்தாலும் வகுத்தால் அது தரும் அழுத்தம் கிடைக்கும். ஆரம் ஒன்றரை செண்டிமீட்டர், இழுவிசை 2 நியூட்டன், அதாவது சுமார் 200 கிராம் எடை இழுக்கும் விசை என்று கொள்வோம். பட்டையின் அகலம் 1 செண்டிமீட்டரானால் அழுத்தம் சுமார் 13,300 பாஸ்கல். பாதரச அளவில் 100 மில்லிமீட்டர். அதே இழுவிசை, அகலம் மட்டும் 2 மில்லிமீட்டர். அழுத்தம் ஐந்து மடங்காகி 500 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது! எந்தத் தமனியும் இதைத் தாங்காது. சதைக்குள் ஆழம் செல்லச் செல்ல இது குறையும் என்பது உண்மை. ஆனால் தோலும் அதன் அடியிலுள்ள நரம்புகளும் முழு அடியையும் வாங்கிக்கொள்ளும். இரண்டாவது சுற்று போட்டால் இழுவிசை இரட்டிக்கிறது. பெரியவர் போட்டுக்கொண்டது இரண்டு சுற்று.

நூல், ரப்பர் பேண்டு, தலைமுடிப் பட்டை முதலியவை கூடவே கூடாது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. இதற்கெனச் செய்த வளையங்கள் மிருதுவான சிலிகோன் அல்லது ரப்பரால் ஆனவை, தடித்தவை. இரு பக்கமும் பிடித்து விரித்துக் கழற்றுவதற்குக் காது வைத்திருக்கும். அவசரமானால் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம்.

உலோக வளையங்கள் அதைவிடக் கேடு. ரப்பர் கொஞ்சமாவது விட்டுக்கொடுக்கும், இரும்பு விட்டுக்கொடுக்காது. சிரை மூடியிருக்கத் தமனி இரத்தத்தைக் கொண்டுவந்தபடியே இருந்தால் வீக்கம் கூடுகிறது. வீக்கம் கூடினால் வளையம் மேலும் இறுக்குகிறது. இறுக்கம் கூடினால் சிரை மேலும் மூடுகிறது. ஒன்றை ஒன்று வளர்க்கும் இந்தச் சுழலுக்குத் தானாக நிற்கும் இடமே கிடையாது. மருத்துவ இதழ்களில் இத்தகைய நேர்வுகள் அவ்வப்போது வருகின்றன, நம் நாட்டிலிருந்தும்கூட. நட்டு, வாஷர், குழாய்த் துண்டு, பாட்டிலின் கழுத்து என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் மாட்டிக்கொண்டு, வெட்கத்தால் ஓரிரு நாள் வீட்டிலேயே மறைத்து வைத்திருந்து வருகிறார்கள். முதல் மணியிலேயே வந்திருந்தால் எளிதில் முடிந்திருக்கும் காரியம், தோல் அழுகி அறுவைச் சிகிச்சை வரை போய்விடுகிறது.

விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டால் நம் ஆசாரிகள் என்ன செய்கிறார்கள்? பெரிய கடைவீதியில் பார்த்திருப்பீர்கள். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மறுமுனையால் விரலை நகத்தை நோக்கி நெருக்கமாகச் சுற்றுவார்கள். வீங்கிய விரலின் நீர் நகர்ந்து விரல் சிறுத்துவிடும். பிறகு நுழைத்த முனையைப் பிடித்துச் சுற்றைப் பிரிக்கப் பிரிக்க மோதிரம் தானாக நகர்ந்து வரும். அறுவை மருத்துவர்களும் இதே உபாயத்தைச் சில வேளை கையாளுகிறார்கள். அதற்கும் மசியாததை மோதிரம் வெட்டும் கருவியால் அறுப்பார்கள். வீட்டில் ஹாக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு உட்காரவேண்டாம். கழற்ற முடியவில்லையென்றால் சில நிமிடங்களுக்கு மேல் போராடாமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போவதே வழி. அங்கிருப்பவர்கள் இதற்கு முன் இதைப் பார்த்தவர்கள்தாம்.

அரை மணி

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் பெரியவரின் கேள்வி. மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை 30 நிமிடம். வளையத்துக்கு அப்பால் இரத்தம் ஓடுவதில்லை, தேங்கியிருக்கிறது. தேங்கிய இரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனைத் திசுக்கள் எடுத்துக்கொண்டேயிருக்கும்; புதிதாக வருவதோ மிகக் குறைவு. கொஞ்ச நேரத்துக்கு இதனால் கேடில்லை. நேரம் கூடக் கூட, அந்தப் பஞ்சின் தசையே, எந்தத் தசை நலிந்ததால் வளையம் தேவைப்பட்டதோ அதுவே, மேலும் நலியத் தொடங்கும். வளையம் இல்லாமலேயோ மருந்தாலோ விறைப்பு 4 மணி நேரத்துக்குமேல் தளராமல் நின்றால் அதை மருத்துவர்கள் அவசர நிலையாகக் கருதுவதும் இதனால்தான்.

அரை மணி என்பது எல்லை, இலக்கு அன்று. வலி, மரத்துப் போதல், கடுங்குளிர்ச்சி, நிறம் கறுத்தல் இவற்றில் எது தோன்றினாலும் ஐந்தாவது நிமிடமானாலும் கழற்றிவிடவேண்டும். மறுபடி அணிய ஒரு மணி நேரமாவது போகவேண்டும். முதன்முறை தனியாக இரண்டு மூன்று நிமிடம் மட்டும் போட்டுப் பார்த்து, கழற்றப் பழகிக்கொள்வது நல்லது. இருட்டிலும் அவசரத்திலும் கழற்றத் தெரியாமல் திண்டாடக் கூடாது. பல அளவுகள் இருந்தால் தளர்ந்ததிலிருந்து தொடங்குங்கள். வழவழப்புக்கு நீர்க்களிம்பே ஏற்றது. எண்ணெய் ஆணுறை ரப்பரைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளையத்தோடு தூங்கக் கூடாது. குடித்திருக்கும்போது தொடவே கூடாது; கடிகாரத்தை மறந்துவிடுவோம்.

சிலர் மருத்துவரைக் கேளாமல் இதை நினைக்கவே கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள், இரத்தக் கசிவு நோயுள்ளவர்கள், உறுப்பு மிக வளைந்தவர்கள் இவர்களைச் சேர்ந்தவர்கள். அரிவாள் செல் இரத்தக் குறை உள்ளவர்களும் அப்படியே. ஆக்ஸிஜன் குறைந்தால் அவர்களுடைய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நாளங்களை அடைத்துக்கொள்ளும். இந்தியாவில் இக்குறை முதன்முதல் அறியப்பட்டது நம் நீலகிரி மலைமக்களிடையே, 1952-ல்.

இனி, உணர்ச்சி குறைந்தவர்கள். பெரியவரின் 'வலியே இல்லை' என்ற சொல்லுக்கு இங்கே வருகிறோம். நீண்டநாள் சர்க்கரை நோய் நரம்புகளை மெல்ல மெல்ல மரக்கச் செய்கிறது. காலில் முள் குத்தியதுகூடத் தெரியாமல் புண்ணாகிப் போனவர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறோம். வலி என்பது உடம்பு அடிக்கும் மணி. மணியின் கம்பி அறுந்த வீட்டில் சத்தம் கேட்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று சொல்லமுடியுமா? இந்த வளையம் யாருக்கு அதிகம் தேவைப்படுகிறதோ அவர்களில் பலர் இந்த மணி அறுந்தவர்கள். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயபட்டீஸ் ரிசர்ச் பவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியாயிற்று. அதன் கணிப்பின்படி 2021-ல் இந்தியாவில் சர்க்கரை நோயுள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம் பேர்.

இருவர் காரியம்

கணவர் மனைவிக்குத் தெரியாமல் வளையம் போட்டுக்கொள்வது பல வகையிலும் தவறு. முதலாவது, பாதுகாப்பு. நேரத்தையும் நிறத்தையும் கவனிக்க இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டும். செல்போனில் 20 நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டால் இருவருக்கும் நிம்மதி. இரண்டாவது, அவருக்கு வலிக்கிறதா என்பது. முண்டும் முடிச்சும் உள்ள கெட்டியான வளையங்கள் பெண்ணுக்குக் காயம் உண்டாக்கலாம். மாதவிலக்கு நின்ற வயதில் வறட்சியும் சேர்ந்துகொள்ளும். அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான். மூன்றாவதை நான் முக்கியமாக நினைக்கிறேன். விறைப்பு நிற்காதபோது பல மனைவியர், தம்மேல் கணவருக்கு ஆசை போய்விட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கணவரோ வெட்கத்தால் விலகிப் படுக்கிறார். அந்த எண்ணம் உறுதியாகிறது. சிரையில் உள்ள ஒரு கசிவு இரண்டு மனிதர்களுக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் மௌனமாக உட்கார்ந்துவிடுகிறது. வளையம் வாங்குவதற்கு முன் இந்தப் பேச்சு நடந்துவிட்டால் சில வீடுகளில் வளையமே தேவைப்படாமல் போகலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு இந்த வளையத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. இளவயதில் ஏற்படும் தடைக்குப் பெரும்பாலும் காரணம் பதற்றம். பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அந்தப் பஞ்சின் தசையைச் சுருக்கிவிடுகிறது. உறக்கத்திலும் விடியற்காலையிலும் விறைப்பு வருகிறதென்றால் குழாய்கள் சரியாக இருக்கின்றன என்று பொருள். 1980-ல் அமெரிக்க மருத்துவர் சிலர் இதைச் சோதிக்க ஒரு வேடிக்கையான முறையை வெளியிட்டார்கள். தபால்தலைகளை ஒன்றாகப் பிரியாமல் எடுத்து, இரவில் உறுப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிவிடுவது. காலையில் துளையிட்ட ஓரம் கிழிந்திருந்தால் உறக்கத்தில் விறைப்பு வந்தது! இப்போது இதைவிடத் திருத்தமான கருவிகள் வந்துவிட்டன.

மேட்டூரைப் பார்க்காமல் முக்கொம்பைப் பூட்டுவது

வளையத்தைப் பற்றி எனக்குள்ள பெரிய அச்சம் அது உறுப்பை நசுக்கும் என்பதன்று. அது வேறொன்றை மறைத்துவிடும் என்பதுதான்.

குழாயில் ஓடும் திரவத்தின் அளவு ஆரத்தின் நான்காவது படியைப் பொறுத்தது என்று பாய்சூயி விதி கூறுகிறது. குழாயின் ஆரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் ஐந்தில் ஒரு பங்கா குறைகிறது? இல்லை. 0.8-ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள்: 0.41. பாதிக்கும் மேலாகப் போய்விட்டது. ஆணுறுப்புத் தமனிகளின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர்; இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனிகள் 3 முதல் 4 மில்லிமீட்டர். கொழுப்பு உடலெங்கும் சேர்ந்தே படிகிறது. குறுகிய குழாயில்தான் அதன் விளைவு முதலில் தெரியும். அதனால்தான் பலரிடம் மாரடைப்புக்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டு முன்பே விறைப்புக் குறை தலைகாட்டுகிறது. நாற்பதைத் தாண்டியவருக்கு இக்குறை புதிதாக வந்தால், முதலில் பார்க்கவேண்டியது சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கொழுப்பும் இதயமும்.

மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். சில்டெனாஃபில் முதலில் நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்டு, 1998-ல் இந்தக் குறைக்கான மருந்தாக வந்தது. அது நைட்ரிக் ஆக்ஸைடின் வேலையை நீடிக்கச் செய்கிறது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரைகளோ நைட்ரிக் ஆக்ஸைடையே தருகின்றன. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவு சரிந்துவிடும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் மருந்தில்லை இது.

இந்தக் குறையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயச் சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். இருந்தும் பஸ் நிலையச் சுவர்களில் லாட்ஜ் அறை எண்ணோடு ஒட்டியிருப்பவற்றை நாம் தினமும் பார்க்கிறோம். வெட்கப்படுகிறவரின் பணம் அங்கே போகிறது, நாளும் போகிறது. டாக்டர் மாத்ருபூதம் என்ற மனநல மருத்துவர் தொலைக்காட்சியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியில் இவற்றை வெளிப்படையாகப் பேசியபோது முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒருவருக்கும் தெரியாமல் பார்த்தவர்களும் உண்டு. (மாத்ருபூதம் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவரின் வடமொழிப் பெயர். இதற்கும் நம் கட்டுரைக்கும் தொடர்பில்லை; சொல்லத் தோன்றியது.) அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைச் சொல்லிக் கேட்கலாம். புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

பெரியவர் சில வாரங்கள் கழித்து ஒரு மருத்துவரிடம் போனார். மனைவியையும் உடன் அழைத்துப் போனாராம். மருத்துவர் வளையத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டு, முதலில் காலைக் காட்டச் சொன்னார். ஒரு இசைக்கவையைத் தட்டி, கால் கட்டைவிரல் எலும்பின் மேல் வைத்தார். 256, 512 என்று நம் ஆய்வுக்கூடத்தில் இருக்குமே, அந்த இனம்தான். மருத்துவர்கள் வைத்திருப்பது 128 ஹெர்ட்ஸ். "அதிர்வது தெரிகிறதா?" என்றார். இவருக்குத் தெரியவில்லை. அதே கவையை மனைவியின் கையில் வைத்துக் காட்டினார். அந்த அம்மாள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

வளையம் இப்போதைக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஈ.சி.ஜி.யும் டிரெட்மில்லும் எடுத்துப் பார்த்தபின் மாத்திரை பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை அம்மா மண்டபத்தில் பார்த்தபோது, அந்தக் கவை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று என்னைக் கேட்டார்.